ஓசி இடமும் கவர் போட்ட காரும்

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒரு சபதம் எடுத்தேன். "இனிமேல் இந்த ஊரில் கார் நிறுத்துவதற்கு ஒரு காசு, ஒரே ஒரு காசு கூட நான் கொடுக்க மாட்டேன்!" வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் சரியாக வெளியே வரவில்லை.

"என்னங்க, பல்லு வலியா?" என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து.

சபதம் போடாமல் என்ன செய்வது? எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்த இடம் கிடையாது. அடுத்த தெருவில் ஆறு மாடிக்கு ஒரு கார் பார்க்கிங். அதன் மாத வாடகையையும் எங்கள் வீட்டு வாடகையையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் எது அண்ணன், எது தம்பி என்று சொல்ல முடியாது. நாங்களாவது வீட்டில் சமைக்கிறோம், குளிக்கிறோம், சண்டை போடுகிறோம். கார் அங்கே என்ன செய்கிறது? சும்மா நிற்கிறது. சும்மா நிற்பதற்குக் காசு என்றால் எங்கள் அச்சகத்தில் பாதிப் பேர் முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

அந்த அச்சகத்தில் நான் பிழை திருத்துபவன். ஒரு கொம்போ, காலோ, புள்ளியோ விட்டுப்போனால் என் கண்ணுக்குத் தப்பாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைப் படிக்கும்போது நீங்கள் வஞ்சகமில்லாமல் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். முட்டிவலிக்காரர், முதுகுவலிக்காரர், ஆபரேஷன் முடிந்து நடை பழகுகிறவர் என்று வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவள். தோளில் பெரிய பை. உள்ளே கரண்ட் வைக்கிற மெஷின், ரப்பர் பட்டைகள், காலில் கட்டுகிற மணல் பைகள். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கியவள். என்னைவிட நன்றாகவே கார் ஓட்டுவாள். அதை நான் வெளியே சொல்வதில்லை.

சபதத்துக்கு ஆண்டவனே வழி காட்டினான். எங்கள் தெரு முழுக்கக் கட்டணப் பகுதி. தெரு முனைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விளக்குக் கம்பம். 'கட்டணப் பகுதி இத்துடன் முடிகிறது' என்று அதில் பலகை. அதற்கப்புறம் வளைவு. வளைவில் மஞ்சள் கோடு. அங்கே நிறுத்தவே கூடாது. கம்பத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் சரியாக ஒரு கார் நீளத்துக்கு இடம். காசும் கிடையாது, தடையும் கிடையாது. சட்டம் கண் அசந்த இடம். அதில் யாரோ ஒருவருடைய பழைய வேன் பரம்பரைச் சொத்து போல நின்றுகொண்டிருந்தது. ஒரு மாலையில் நான் ஆபீஸிலிருந்து வரும்போது அந்த வேன் என் கண் முன்னாலேயே கிளம்பியது. அது முழுசாக வெளியே வருவதற்குள் நான் பாதி உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினேன்.

"ஏங்க, கார் என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. அங்கேயே நிக்குது."

"அப்போ ஏன் பஸ்ஸுல போறீங்க?"

"காரை எடுத்தா இடம் போயிடுமே!"

"இடம் எதுக்கு?"

"காரை நிறுத்த."

"கார் எதுக்கு?"

"இடத்தைப் பிடிக்க."

"சரிதான்," என்றாள். அந்தச் 'சரிதான்' என்ற வார்த்தையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அன்று மாலையே வெள்ளி நிறத்தில் ஒரு கவர் வாங்கி வந்து காருக்குத் தலையிலிருந்து கால்வரை போர்த்திவிட்டேன். அந்த வாரக் கடைசியில் மனைவி மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"ஏங்க, எனக்குத் தோள்பட்டை ரொம்ப வலிக்குது. இந்தப் பையைத் தூக்கிட்டு மூணு பஸ் மாறிப் போறேன். நான் காரை எடுத்துட்டுப் போறேனே?"

"தோள்வலியா? நீயே பிசியோ. உனக்கு நீயே பயிற்சி பண்ணிக்கோ."

"முதுகைத் தானே சொறிஞ்சுக்க முடியாதுங்க."

"இதோ பாரு, சாயங்காலம் நீ திரும்பி வர்றப்போ அந்த இடத்துல எவன் நிப்பானோ! மறுபடியும் ஆறு மாடிக்கு அழணுமா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அந்த கார் அந்த இடத்தை விட்டு அசையாது."

நான் கொஞ்சம் கொடூரமாகப் பேசிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓசி இடம் கண்ணை மறைத்தது.

"சரிதாங்க," என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டையே இல்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மூன்று பஸ் மாறுகிறவள் மாலையில் வாடாமல் வதங்காமல் வீட்டில் இருந்தாள். தோளில் தைலம் தடவுவதையும் விட்டுவிட்டாள்.

"பார்த்தியா, நடந்தா உடம்புக்கு நல்லது," என்றேன்.

"நல்லா சொன்னீங்க," என்றாள்.

தினமும் ஆபீஸிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே காரிடம் போவேன். கவருக்குள் கையை விட்டு அதன் மூக்கைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருக்கும். "பாவம், நாள் பூரா வெயில்ல நின்னு காய்ஞ்சு போச்சு," என்பேன் மனைவியிடம்.

"ஆமாங்க, பாவம்," என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கவரை எடுத்துவிட்டு இருவரும் காருக்குள் உட்காருவோம். பாட்டரி செத்துப்போகாமல் இருக்க ஐந்து நிமிஷம் என்ஜினை ஓட விடுவேன். மனைவி ஃபிளாஸ்கில் டீ கொண்டு வருவாள். கண்ணாடி வழியாக விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே குடிப்போம். அதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணம்.

"பெட்ரோல் முள்ளைப் பாரு," என்று காட்டுவேன். "போட்டு எத்தனை மாசம் ஆச்சு! ஒரு சொட்டு குறையல. அட, போன வாரத்தை விட ஏறியிருக்கு!"

"நல்ல கார்ங்க," என்பாள் அவள், டீயை ஊதிக்கொண்டே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் முதல் மாடியில் ஒரு ரொட்டிக்காரர் இருக்கிறார். ராத்திரி முழுக்க பேக்கரியில் வேலை, பகல் முழுக்கத் தூக்கம். அதுவரைக்கும் எங்களைப் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. திடீரென்று அவருக்கு எங்கள் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தினமும் ஒரு பொட்டலம் பன். பூ மாதிரி மெத்தென்று.

"ஏது இது?"

"ரொட்டிக்காரர் கொடுத்தாருங்க."

"சும்மாவா?"

"மனசு வந்து குடுக்கிறாரு. வேண்டாம்னா சொல்ல முடியும்?"

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" என்று இரண்டாவது பன்னைக் கையில் எடுப்பேன்.

இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அச்சகத்தில் ஒரு நாள் தண்ணீர்க் குழாய் வெடித்துத் தொலைத்தது. காகிதமெல்லாம் மிதந்தது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு எல்லோரையும் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கினேன். வெள்ளிக் கவருக்குள் கார் சமத்தாக நின்றுகொண்டிருந்தது. மனைவி வேலைக்குப் போயிருப்பாள். வெறும் வீட்டில் போய் என்ன செய்வது, கொஞ்ச நேரம் காருக்குள் சாய்ந்து தூங்கலாமே என்று கதவுப் பக்கம் கவரைத் தூக்கினேன்.

கதவு சிவப்பாக இருந்தது.

என் கார் வெள்ளை. பால் வெள்ளை. முதலில் எனக்குத் தோன்றியது, வெயில் பட்டு நிறம் மாறிவிட்டது என்று. சாவியைப் போட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. கவரை இன்னும் கொஞ்சம் தூக்கினேன். பின் சீட்டில் மாவு படிந்த ஏப்ரன். திருடன்! என் காரைத் திருடிக்கொண்டு, எனக்குத் தெரியக் கூடாது என்று அதற்குப் பதில் வேறு காரை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்!

"ஐயோ, திருடன்! என் கார்! என் கார்!" என்று கதவைப் பிடித்து உலுக்கினேன். அந்தச் சிவப்புக் கார் ஊரைக் கூட்டி ஊளையிட ஆரம்பித்தது.

முதல் மாடி ஜன்னல் திறந்தது. ரொட்டிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இப்பத்தான் கண்ணசந்தேன். எதுக்கு என் காரைப் போட்டு இந்த உலுக்கு உலுக்குறீங்க?"

"உங்க காரா? உங்க கார் எப்படி என் கவருக்குள்ள வந்துச்சு?"

"அக்காதான் மூடச் சொன்னாங்க."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதாண்ணே."

ரொட்டிக்காரர் ரிமோட்டை அழுத்தி ஊளையை நிறுத்திவிட்டு, குழந்தைக்குக் கதை சொல்வது போலச் சொன்னார். "எனக்கு ராத்திரி வேலை, பகல்ல நிறுத்த இடம் வேணும். அக்காவுக்குப் பகல் வேலை, ராத்திரிக்குத்தான் இடம் வேணும். காலையில நீங்க பஸ் ஏறுனதும் அவங்க எடுப்பாங்க, நான் விடுவேன். சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள நான் எடுத்துருவேன், அவங்க விட்டுருவாங்க. ஞாயித்துக்கிழமை ரோட்டுல எங்கே விட்டாலும் காசு கிடையாது, அன்னைக்கு உங்களைத் தொந்தரவு பண்றதில்ல. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்! தினமும் பன் சாப்பிட்டீங்களே?"

"அந்த பன்..."

"வாடகைண்ணே."

பன் அத்தனையும் நெஞ்சில் வந்து நின்றது. உடனே மனைவிக்கு போன் போட்டேன்.

"நம்ம கார் எங்கடி?"

"ஏங்க, வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாதுங்க. வீட்டுக்கு வந்து சொல்றேன்." வைத்துவிட்டாள்.

மாலையில் வந்தாள். முகத்தில் பயம் இல்லை, பதற்றம் இல்லை. பையை வைத்தாள், கை கழுவினாள், டீ போட்டாள். நான் ஆடித் தீர்த்துவிட்டேன்.

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து? கட்டின புருஷன் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டியே!"

"மண்ணெல்லாம் தூவலங்க. கவர்தான் போட்டேன்."

"பொய் சொல்லிட்டியே!"

"என்ன பொய் சொன்னேன்? கார் சூடா இருக்குன்னீங்க, ஆமான்னேன். பெட்ரோல் ஏறியிருக்குன்னீங்க, நல்ல கார்னேன். எது பொய்?"

எதுவும் பொய் இல்லைதான். ஆனாலும் ஆண்பிள்ளை சும்மா விடலாமா? கையை நீட்டினேன். "உன்கிட்ட இருக்கிற இன்னொரு சாவியைக் கொடு!"

உடனே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் அவள் கண் லேசாகக் கலங்கியிருப்பதைப் பார்த்தேன்.

"உங்க காரு, உங்க சாவி. ஆனா நாளையிலிருந்து மறுபடியும் மூணு பஸ் என்னால ஆகாதுங்க. தோள் தாங்காது. நான் வேலையை விட்டுடறேன்."

எட்டு வருஷமாகக் கண்ணும் கருத்துமாகச் செய்யும் வேலை. அதை விட்டுவிட்டு அவள் வீட்டில் உட்கார்ந்தால் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடுமா? மனசு கேட்கவில்லை. ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுக்கவும் மீசை இடம் கொடுக்கவில்லை.

"வேலையை எதுக்கு விடணும்? அச்சகத்துல நாளைக்கும் தண்ணி வத்தாது. உன்னை நானே கூட்டிட்டுப் போறேன். வாசல்ல இறக்கிவிட்டு, முடிஞ்சதும் ஏத்திக்கிறேன். அப்புறம் தினமும் போக யாராவது டிரைவர் போட்டுக்கலாம்."

"அவ்வளவு நேரம் வண்டியை எங்கே நிறுத்துவீங்க?"

"வண்டி நிறுத்துற வித்தையை நீ எனக்குச் சொல்லித் தரியா? பேசாம வா!"

"சரிதாங்க," என்றாள்.

மறுநாள் காலை கம்பீரமாகக் கிளம்பினேன். முதல் வீடு, பெரிய கேட் போட்ட தனி வீடு. அவளை இறக்கிவிட்டேன். "முக்கால் மணி ஆகுங்க," என்று உள்ளே போனாள். நான் இடம் தேடினேன். இந்தப் பக்கம் மஞ்சள் கோடு. அந்தப் பக்கம் கட்டணப் பலகை. அதற்கடுத்து ஆஸ்பத்திரி வாசல். அந்த வட்டாரத்தையே சுற்றினேன். சுற்றினேன். கோயில் பிரதட்சிணம் என்றாலாவது புண்ணியம் உண்டு. டீக்கடைக்காரர் நான் ஐந்தாவது முறை வரும்போது கையசைத்தார். அடுத்த சுற்றில் நானும் அசைத்தேன். எங்களுக்குள் நல்ல சிநேகிதமே ஏற்பட்டுவிட்டது.

இரண்டாவது வீடு, அடுக்குமாடிக் கட்டடம். சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்தது. ஒரு நிமிஷம்தானே என்று ஓரமாக நிறுத்தி, நான்கு பக்கமும் விளக்கை மின்ன விட்டேன். எங்கிருந்துதான் வந்தாளோ, சீருடை போட்ட ஒரு அபராதச் சீட்டுக்காரம்மா பக்கத்தில் வந்து மெஷினைத் தட்ட ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் நிறுத்தலம்மா. நின்னுட்டிருக்கேன்."

"ரெண்டும் எங்களுக்கு ஒண்ணுதான் சார்."

"விளக்கு மின்னுது பாருங்க!"

"மின்னுது சார், அழகாத்தான் இருக்கு. இந்தாங்க."

சீட்டில் இருந்த தொகையைப் படித்தேன். எங்கேயாவது ஒரு சைபர் தப்பாக விழுந்திருக்குமோ என்று என் தொழில் முறையில் மறுபடியும் படித்தேன். பிழை இல்லை.

மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது எனக்கு வேறொரு அவசரம் வந்துவிட்டது. காலையில் குடித்த டீ. வண்டியை விட்டு இறங்க முடியாது. இறங்கினால் சீட்டுக்காரம்மா. மனைவி உள்ளே போய்விட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில், ஆனது ஆகட்டும் என்று அந்த வீட்டு கேட் முன்னாலேயே காரைப் போட்டுவிட்டு மணியை அடித்தேன். ஒரு பெரியவர், நோயாளியின் அண்ணனாம், வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அடடே, நம்ம டாக்டரம்மா வண்டி! ஏன் தம்பி வெளியில நிறுத்தியிருக்கீங்க? உள்ளே அம்மாவுக்குன்னே இடம் விட்டு வச்சிருக்கோமே!"

கேட்டைத் திறந்தார். காரை உள்ளே விட்டேன். உள்ளே நிழலான ஓர் இடம். கூட்டிப் பெருக்கி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், முக்கியமாக ஒரு கழிப்பறை.

"தினமுமா இங்கே நிறுத்துவாங்க?" என்றேன், உயிர் பிழைத்து வெளியே வந்த பிறகு.

"வந்த நாள்லேருந்து. எங்க வீட்டுல மட்டுமா? அவங்க போற எல்லா வீட்டுலயும் அப்படித்தான். வைத்தியம் பண்ண வர்றவங்க தெருவுல இடம் தேடிட்டிருந்தா நோயாளியை யார் பார்க்கிறது?"

மனைவி பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"முதல் வீட்டுலயும் இடம் இருக்கா?" என்றேன்.

"இருக்குங்க. ரெண்டு கார் நிக்கலாம்."

"ரெண்டாவது வீட்டுல?"

"கீழ்த்தளத்துல. என் பேரை எழுதியே வச்சிருக்காங்க."

"இதை ஏன் காலையிலேயே சொல்லல?"

"நீங்கதானே பேசாம வரச் சொன்னீங்க?"

நான் காரைச் சுற்றிப் போய் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். சாவி வண்டியிலேயே இருந்தது. அவள் ஒரே திருப்பில் கேட்டைத் தாண்டினாள். கண்ணாடியைக் கூட இரண்டாவது தரம் பார்க்கவில்லை. மீதி வீடுகளிலும் நிழலில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காபியைக் குடித்தேன். எல்லா வீட்டிலும் அவளைப் பற்றி நல்ல வார்த்தை. ஒரு தாத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தே வந்து வழியனுப்பினார். உண்மையாகவே எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படிப்பட்டவளைப் போய் பஸ் பஸ்ஸாக ஏற்றி இறக்கினேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

"தினமும் நீயே எடுத்துட்டுப் போ," என்றேன் வீட்டுக்கு வரும் வழியில். பெருந்தன்மையான குரலில்தான் சொன்னேன். "ரொட்டிக்காரர்கிட்ட நானே பேசிக்கிறேன்."

"சந்தோஷங்க. ஆனா ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. ரொட்டிக்காரர் சில நாள் லேட்டா வருவாரு. அவர் வர்ற வரைக்கும் நான் இடத்தைக் காத்துட்டு நிப்பேன். அன்னைக்கெல்லாம் முதல் வீட்டுக்கு நேரம் ஆயிடுது. இத்தனை நாளா உங்ககிட்ட சொல்ல முடியல. இப்பத்தான் எல்லாம் வெட்டவெளிச்சம் ஆயிடுச்சே!"

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்லீங்க," என்றாள். "கொஞ்ச நேரம்தான்."

இன்று காலை அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கம்பத்துக்கும் கோட்டுக்கும் நடுவில், மடித்த கவரை மார்போடு அணைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். ரொட்டிக்காரரைக் காணோம். அவர் தெருக்கோடியில் வருகிறாரா என்று கழுத்து வலிக்கப் பார்க்கிறேன். இரண்டு கார்க்காரர்கள் ஜன்னலை இறக்கி, "எப்போ சார் கிளம்புவீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். ஒருவன் ஹாரன் அடித்தே பார்த்துவிட்டான். நான் அசையவில்லை. இப்போது போன் அடிக்கிறது. முதலாளி.

"என்னய்யா, மணி என்ன ஆச்சு? புரூஃபெல்லாம் காத்துட்டிருக்கு. எங்கே இருக்கே?"

"பார்க்கிங்ல சார்."

"ஏன், காரை நிறுத்த இடம் கிடைக்கலையா?"

"இடம் கிடைச்சிருச்சு சார். நிறுத்தியும் ஆச்சு. காரை இல்ல சார், என்னை."